நாற்பது தப்படி நகர்ந்த எல்லைக்கல் பற்றி

அனுப்புநர்:
திருமதி நவமணி பரஞ்சோதி,
(காலஞ்சென்ற டிரெசர் பரஞ்சோதியின் மனைவி)
கல்பாலம் தோட்டச் சாலை,
குருண், கெடா.

பெறுநர்:
மாவட்ட நில வரி அதிகாரி அவர்கள்,
நில அலுவலகம்.

பொருள்: எல்லைக்கல்லை இடம் மாற்றிய குற்றச்சாட்டு, அதன்பேரில் விதிக்கப்பட்ட பின்வரியும் அபராதமும், எட்டுக் குடும்பங்களின் நிலத்தை ஏலம் விடுவதை நிறுத்தக் கோருதல்.

பார்வை: 1. தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 18 மே 1936.
2. என் ஆங்கில மனு, நாள் 2 ஜூன் 1936. இதுவரை பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். டிரெசர் பெண்சாதி ஆள் வைத்து இரவோடு இரவாக எல்லைக்கல்லைப் பிடுங்கி அடுத்தவர் நிலத்தை வளைத்துக்கொண்டாள் என்று குருண் கடைத்தெருவில் பேசுகிறார்கள். தங்கள் அலுவலக வராந்தாவிலும் அதே பேச்சை என் காதால் கேட்டேன். கல் பிடுங்கப்பட்டது இரவில் அல்ல. 1928 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு. மேளம் அடித்து, தேங்காய் உடைத்து, ஏறக்குறைய அறுபது பேர் பார்த்திருக்க நடந்தது. அந்த அறுபது பேரில் நானும் ஒருத்தி. நான் ஆள் வைக்கவில்லை. ஆனால் நான் செய்த பிழை வேறொன்று உண்டு. அதை ஒன்பதாம் பத்தியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் நிலத்தின் கதையைத் தாங்கள் அறிய வேண்டும்.

2. என் முந்தைய மனு ஆங்கிலத்தில் இருந்தது. பினாங்கு கான்வென்டில் ஒன்பது ஆண்டுகள் படித்த ஆங்கிலம். அது கிடைக்கவேயில்லை என்று ஒருமுறையும், கிடைத்தது ஆனால் எங்கே வைத்தோமென்று தெரியவில்லை என்று மறுமுறையும் சொன்னார்கள். இம்முறை தமிழில் எழுதக் காரணம் உண்டு. இதில் கைநாட்டு வைத்திருக்கும் ஏழு பேரும் இதன் ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெரிந்த பிறகே விரலை மையில் வைக்க வேண்டும் என்பது என் கட்டாயம். நேற்றுப் பிற்பகல் அவர்கள் முன் முழுவதையும் உரக்கப் படித்தேன். ஆங்கில நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தொலைந்தால் இன்னொன்று தரத் தயார்.

3. நிலம் வாங்கியது 1927 மார்ச்சில். என் கணவர் கல்பாலம் தோட்ட மருத்துவமனையில் டிரெசராக இருந்தார். பால்வெட்டும் ஏழு குடும்பத்தார் அவரிடம் வந்து, சேர்த்து வைத்ததை ஊருக்கு அனுப்பி அங்கே அண்ணன் தம்பிகள் தின்பதைவிட இங்கேயே ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்றார்கள். அவர்களுக்கு மூத்தவர் இருளப்பன். அப்போது கித்தா ரப்பருக்கு நல்ல விலை. தோட்டத்துக்கு வடக்கே, சாலையிலிருந்து ஆறு வரை நீளும் பன்னிரண்டு ரெலோங் காடு, ஏறக்குறைய எட்டரை ஏக்கர், விலைக்கு வந்தது. நாங்களும் ஒரு பங்கு போட்டோம். ஆக எட்டுப் பங்கு.

4. பத்திரம் பதியும்போது எட்டுப் பெயரையும் எழுதும்படி நான் கேட்டேன். அன்று அலுவலகத்தில் இருந்த எழுத்தர், எட்டுப் பெயர் என்றால் எட்டுப் பேருக்கும் தனித்தனிக் கட்டணம், ஒருவர் செத்தால் மற்ற ஏழு பேரும் வந்து நிற்க வேண்டும், ஒரே தோட்டத்து ஆட்கள்தானே, படித்த ஒருவர் பெயரில் போடுங்கள் என்றார். தம் பெயரில் போட என் கணவருக்கு அரசாங்க வேலைக்காரர் போல ஒரு தயக்கம். எனவே கிராண்டு என்னும் நில உரிமைப் பத்திரம் என் பெயரில் ஆனது. மற்ற ஏழு பேருக்கும் நான் என் கையால் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டுகளை அவர்கள் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் முன் அவை வெறும் தாள் என்பதை இந்த மே மாதம்தான் முழுமையாக உணர்ந்தேன்.

5. காடு வெட்டிய முதல் வாரம், ஆற்றங்கரையில் முழங்கால் உயரத்துக்குச் சதுரமாகச் செதுக்கிய ஒரு கல் நிற்பதை மருதம்மாள் என்ற பெண் பார்த்தாள். சாலையோர மூலையில் சர்வேயர் நட்டிருந்தது இரும்புக் குழாய். ஆற்றோர மூலையில் இருந்தது கல். அது எல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மஞ்சள் பூசினார்கள். ஐயா, இதை நான் விளக்கியாக வேண்டும், ஏனெனில் தங்கள் அறிவிப்பில் இவர்கள் அறியாமையால் அல்லது கெட்ட எண்ணத்தால் செய்தார்கள் என்று இரண்டே காரணம் எழுதப்பட்டிருக்கிறது. இவர்கள் வந்த சீமையில் ஊர் முடியும் இடத்தில் காவல் தெய்வம் நிற்கும். எல்லையில் தனியாக நிற்கும் கல்லை இவர்கள் கல்லாகப் பார்ப்பதில்லை. முனியாண்டி தங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கிறார் என்று மருதம்மாள் சொன்னாள். காடு வெட்டிய நான்கு மாதத்தில் ஒருவர் காலிலும் கோடாலி படவில்லை. அதோடு நம்பிக்கை உறுதியாகிவிட்டது.

6. 1928 மழையில் ஆறு பெருகிக் கரை இடிந்தது. கல் சாய்ந்து பாதி தண்ணீரில் கிடந்தது. சாமியைத் தண்ணீரில் விடக்கூடாது என்று இருளப்பன் சொல்ல, பிச்சை என்பவர் தலைமையில் நால்வர் அதைத் தூக்கி, கிழக்கே மேட்டில் நின்ற காட்டுப்பலா மரத்தடியில் நட்டு, மேடை கட்டினார்கள். பழைய இடத்திலிருந்து நாற்பது தப்படி. அன்று தோட்டக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி எல்லாருக்கும் அரை நாள் கூலியை முன்பணமாகக் கொடுத்தார். தேங்காய் வாங்கியதும் அதில்தான். தோட்டப் பேரேட்டில் அந்தத் தேதி இருக்கும். திருட வந்தவர்கள் மேளக்காரரைக் கூட்டி வருவதில்லை.

7. பிறகு நடந்ததுதான் வினை. அடுத்த ஆண்டு கன்று நடும்போது, சாலையோரக் குழாயிலிருந்து காட்டுப்பலா மரத்துக் கல்லுக்குக் கயிறு பிடித்தார்கள். கல் முன்பு எங்கே இருந்தது என்பதை எவரும் மறைக்கவுமில்லை, நினைக்கவுமில்லை. கல் நிற்கும் புள்ளி எல்லை என்பது தங்கள் அலுவலகத்தின் முறை. சாமி எங்கே நிற்கிறதோ அங்கே வரைக்கும் அதன் காவல், அதுவே எல்லை என்பது இவர்கள் முறை. சாமி மேட்டுக்குப் போனால் எல்லையும் கூடப் போகும். இப்படி மூன்று ரெலோங் நீள்முக்கோணமாக எங்கள் பக்கம் வந்துவிட்டது. அடுத்த நிலத்துக்காரர் அப்போது தைப்பிங்கில் இருந்தார். அவர் நிலம் காடாகவே கிடந்தது. கேட்க ஆளில்லை. நட்டு முடித்ததும் சீட்டுக் குலுக்கி நிரை நிரையாகப் பங்கு பிரித்தோம். கிழக்கோரம் பிச்சைக்கும் மருதம்மாளுக்கும் விழுந்தது.

8. இதன்பின் வந்த ஆண்டுகளைத் தாங்கள் அறிவீர்கள். கித்தா விலை விழுந்தது. 1931இல் என் கணவர் இறந்தார். 1932இல் தோட்டம் பாதி ஆட்களை நிறுத்திக் கப்பல் ஏற்றியது. இருளப்பனுக்கும் இலவசக் கப்பல் சீட்டு வந்தது. அவர் அதைக் கிராணியிடமே திருப்பிக் கொடுத்து, "எனக்கு இங்க நெலம் இருக்குதுங்க ஐயா" என்றாராம். ஏழு குடும்பமும் போகவில்லை. மூன்று ஆண்டு மரவள்ளி தின்று மரத்துக்குக் களை எடுத்தார்கள். ஒவ்வொரு ஜனவரியும் பன்னிரண்டு ரெலோங்குக்கான ஹாசில் வரியை நானே குருணிலிருந்து பஸ் ஏறி வந்து கட்டினேன். ஒரு ஆண்டும் தவறவில்லை. ஒன்பது ரசீதுகளும் இணைப்பில் உள்ளன. அந்த ஒன்பது ஆண்டில் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் நிலத்தில் வந்து கால் வைக்கவில்லை என்பதையும் பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

9. இனி என் பிழை. கல்லைத் தூக்கியபோது அதன் தலையிலிருந்த மஞ்சளும் சேறும் ஆற்று நீரில் கழுவப்பட்டிருந்தன. அதில் ஓர் அம்புக்குறியும் எண்ணும் வெட்டப்பட்டிருப்பதை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். அங்கிருந்த அறுபது பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இது நகர்த்தக் கூடாத கல் என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். நான் கத்தோலிக்கப் பெண். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் கிடா வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, ஒரு மாதம் யாரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. சாமி விஷயத்தில் மறுபடியும் வாய் கொடுக்க நான் விரும்பவில்லை. உண்மையைச் சொல்வதானால், சேற்றில் இறங்கி நடக்கவும் விரும்பவில்லை.

அன்று மாலை மருத்துவமனையிலிருந்து வந்து, நான் சொல்லக் கேட்ட என் கணவர், உடனே நில அலுவலகத்துக்கு எழுது, அவர்களே ஆள் அனுப்பிக் கல்லைப் பழைய இடத்தில் நடட்டும் என்றார். எழுதினேன். கடைசி வரியில் ஒரு சொல்லைத் தவறாக எழுதி அடித்துவிட்டேன். அடித்தல் திருத்தல் உள்ள தாளை அதிகாரிக்கு அனுப்புவது அவமானம் என்று எங்களுக்குக் கன்னியாஸ்திரீகள் கற்றுக் கொடுத்திருந்தார்கள். நாளை நகல் எடுக்கலாமென்று ஜெபப்புத்தகத்தில் வைத்தேன். மறுநாள் மருத்துவமனையில் காய்ச்சல் ஆட்கள் நிறைந்தார்கள். பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. அந்தக் கடிதம் இன்றுவரை அதே ஜெபப்புத்தகத்தில்தான் இருந்தது. இப்போது மூன்றாம் இணைப்பாகத் தங்களுக்கு அனுப்புகிறேன், அடித்தலோடு. தேதியைப் பாருங்கள்.

10. சென்ற ஆண்டு அடுத்த நிலத்தை குருண் மளிகைக் கடைக்காரர் முகம்மது கவுஸ் வாங்கினார். பதினோரு ரெலோங்குக்குப் பணம் கொடுத்தவர் அளந்து பார்த்தால் எட்டுதான் இருந்தது. அவர் சர்வேயருக்கு மனுச் செய்தது அவர் உரிமை. அவர்மேல் எனக்குக் குறையில்லை. அவரும் எங்களைப் போலக் கைக்காசு போட்டவர்தான். என்னிடம் நேரில் வந்து அவர் சொன்னது இது: "உங்க சாமி நடக்கட்டும்மா, நான் வேணாங்கல. போறப்போ என் மூணு ரெலோங்கையும் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிருச்சே, அதான் தாங்கல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மூன்று ரெலோங்கை மரத்தோடு அவருக்கு விட்டுவிட ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள். இந்த ஆண்டு முடியும்வரை பால் வெட்டிக்கொள்ளலாம், பாதி அவருக்கு என்று அவரும் ஒப்புக்கொண்டார். பங்கிழந்த பிச்சைக்கும் மருதம்மாளுக்கும் மற்ற ஆறு பங்கிலிருந்தும் நிரைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். நிலத்தின் வழக்கு இரு தரப்புக்கும் இடையே இதோடு முடிந்துவிட்டது. முடியாமல் இருப்பது தங்கள் அலுவலகத்தில் மட்டுமே.

11. தங்கள் அறிவிப்பு மூன்று ரெலோங்குக்கு ஏழு ஆண்டுப் பின்வரி, அபராதம், மறு அளவைச் செலவு எல்லாம் சேர்த்து நூற்று எண்பத்தாறு வெள்ளி கேட்கிறது. ஜூலை 31க்குள் கட்டாவிட்டால் பன்னிரண்டு ரெலோங் முழுவதும் ஆகஸ்டில் ஏலம் போகும் என்கிறது. பால்வெட்டுக்காரர் ஒரு நாளைக்கு வாங்குவது நாற்பது காசு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மேலும் ஒரு கேள்வி. அதே மூன்று ரெலோங்குக்கு அதே ஏழு ஆண்டும் அடுத்த நிலத்துக்காரர் தம் ஹாசிலில் சேர்த்துக் கட்டியிருக்கிறார். கவுஸ் அவர்களிடம் பழைய ரசீதுகள் இருக்கின்றன, நானே பார்த்தேன். ஒரு நிலத்துக்கு ஒரே ஆண்டில் இருவரிடம் வரி வாங்க எந்தச் சட்டம் இடம் தருகிறது என்பதை எனக்கு எழுத்தில் காட்டினால் படித்துக்கொள்வேன்.

12. ஏலம் போனால் என்னவாகும் என்பதையும் கேட்டறிந்தேன். விற்ற பணத்தில் மிச்சம் இருந்தால் அது கிராண்டில் பெயருள்ளவருக்கு, அதாவது எனக்கு வரும். ஏழு பேருக்கும் ஒன்றும் வராது. ஏலத்துக்கு முன் நான் இறந்தால், எனக்குப் பிள்ளை இல்லாததால், எல்லாம் என் கணவரின் தம்பி மகனுக்குப் போகும். அவன் செர்டாங்கில் இருக்கிறான். இந்த ஏழு பேரின் முகத்தைக்கூடப் பார்த்தவன் அல்ல. எனக்கு வயது அறுபத்தொன்று. இதயம் சரியில்லை.

13. ஜூன் 22 அன்று தங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் எனக்கு நாற்காலி போட்டு மரியாதையாகப் பேசினார். அவர் கொடுத்த யோசனை: "ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்கம்மா. கூலி ஆளுங்க எனக்குத் தெரியாம கல்ல நகத்திட்டாங்கன்னு. அபராதத்தப் பாதியாக் கொறச்சிரலாம். அந்த பிச்சைய உள்ள போடுவாங்க, மூணு மாசம், அவ்வளவுதான்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நம்புகிறேன், எனவே பெயரை எழுதவில்லை. அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். அது பொய். அது நகர்த்தக் கூடாத கல் என்று எனக்குத் தெரியும். பிச்சைக்குத்தான் தெரியாது.

14. இருளப்பனைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். இந்த வரிகளை எடுத்துவிடும்படி அவர் மனைவி அழகம்மா நேற்றுக் கேட்டாள். "செத்தவரக் காட்டி எதுக்கும்மா கெஞ்சணும்" என்றாள். அவள் சொன்னது சரி. ஆனாலும் எடுக்கவில்லை, ஏனெனில் இது கெஞ்சல் அல்ல, தகவல். தங்கள் அறிவிப்பை நான் அவருக்குப் படித்துச் சொன்ன பதினோராம் நாள், மே 31 அன்று, அவர் காய்ச்சலில் இறந்தார். தன் நிலத்திலேயே, முனியாண்டிக்குப் பக்கத்தில் புதைக்கும்படி சொல்லியிருந்தார். பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்து, எந்தப் பக்கம் தோண்டலாம், எது நம்முடையது என்று என்னைக் கேட்டார்கள். கிராண்டு என் பெயரில் இருக்கிறது. என்னால் சொல்ல முடியவில்லை. தோட்டத்து இடுகாட்டுக்கே கொண்டுபோனோம். கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்த மனிதர்.

15. ஆகவே நான் கோருவன:

(அ) மறு அளவை முடியும்வரை ஏலத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அளவை நாளை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். கல்லைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக ஏழு குடும்பத்தாரும் சம்மதித்துவிட்டார்கள். அதற்கு முன் பூசை செய்து சாமியை வேறு கல்லுக்கு மாற்ற அவர்களுக்கு அரை நாள் வேண்டும். அதை மறுக்காதீர்கள். மறுத்தால் சர்வேயர் அந்தக் கல்லைத் தொடும்போது பெண்கள் குறுக்கே உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

(ஆ) ஏற்கெனவே ஒருவர் கட்டிய வரியை மறுபடியும் கேட்பதைக் கைவிட வேண்டும்.

(இ) கல்லை நகர்த்தியதற்குத் தண்டனை உண்டென்றால் அது என்மேல் வரட்டும். பிச்சை தூக்கினார், நான் படித்தேன். நீதிமன்றத்தில் இதையே சொல்வேன். மூன்றாம் இணைப்பே என் சாட்சி.

(ஈ) கட்டணம் எவ்வளவானாலும், நான் உயிரோடு இருக்கும்போதே, கிராண்டில் எட்டுப் பெயரையும் பதிய வேண்டும். இருளப்பனின் இடத்தில் அழகம்மாவின் பெயர். கட்டணத்துக்காக என் தையல் இயந்திரத்தை விற்றுவிட்டேன். பணம் கையில் இருக்கிறது.

16. இந்த மனுவில் பதினொன்றாம் பத்தியில் எட்டு ஆண்டு என்று எழுதி, அடித்து, ஏழு ஆண்டு என்று திருத்தியிருக்கிறேன். கன்று நட்டது 1929இல் என்பதைப் படிக்கும்போது மருதம்மாள்தான் நினைவூட்டினாள். நகல் எடுக்க நேரமில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

17. தங்கள் முடிவு எதுவாயினும் அதை எழுத்தர் மூலமோ, கடைத்தெரு மூலமோ, வாய்மொழியாகவோ நான் ஏற்க இயலாது. ஜூலை 31க்கு முன்பாக, தங்கள் கையொப்பத்துடன், மேற்கண்ட முகவரிக்கு, எழுத்தில் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: குருண்
நாள்: 6 ஜூலை 1936

(ஒப்பம்) நவமணி பரஞ்சோதி

படிக்கக் கேட்டு, அறிந்து, கைநாட்டு வைத்தோர்: பிச்சை, மருதம்மாள், அழகம்மா (காலஞ்சென்ற இருளப்பனுக்காக), மற்றும் நால்வர், பெயர்கள் மறுபக்கம்.

இணைப்பு: 1. ஹாசில் ரசீதுகள், ஒன்பது. 2. இம்மனுவின் ஆங்கில நகல். 3. அனுப்பப்படாத கடிதம், நாள் 9 டிசம்பர் 1928.